பாரிஸ் ஒலிம்பிக் ஆடவர் ஸ்பிரிண்ட் சைக்கிள் போட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஆகஸ்ட் 7 முதல் 9 வரை பாரிஸ் ஒலிம்பிக்கில் நடைபெற்ற ஆடவர் ஸ்பிரிண்ட் சைக்கிள் போட்டியில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரெய்சன் தங்கமும், ஆஸ்திரேலியாவின் மேத்யூ ரிச்சர்ட்சன் வெள்ளியும், பிரிட்டனின் ஜாக் கார்லின் வெண்கலமும் வென்றனர். உலகின் மிக வேகமான சைக்கிள் வீரர்கள் பாதித் தூரத்தை நடைவேகத்தில் ஓட்டுவதைத் தொலைக்காட்சியில் முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பே. பலர் அந்த மெதுவான சுற்றுகளின்போது சேனலை மாற்றிவிடுகிறார்கள். பந்தயத்தின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது என்பதை விளக்கவே இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது.

ஸ்பிரிண்ட் என்பது எவ்வகைப் போட்டி?

இரண்டு வீரர்கள் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டு, 250 மீட்டர் ஓடுதளத்தில் மூன்று சுற்றுகள் ஓட்டுகிறார்கள். முதலில் முடிவுக் கோட்டைத் தொடுபவர் வென்றவர். எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்பது கணக்கில் வராது. மூன்று சுற்றுகளை ஒரு நிமிடத்தில் முடித்தாலும் சரி, மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டாலும் சரி, எதிராளியைவிட ஒரு விரற்கடை முன்னால் இருந்தால் போதும். இந்த ஒரு விதியிலிருந்துதான் ஸ்பிரிண்டின் தந்திரங்கள் அத்தனையும் பிறக்கின்றன.

போட்டி எங்கே நடந்தது? அந்தக் களம் எப்படிப்பட்டது?

பாரிஸ் நகருக்கு வெளியே, தென்மேற்கில் உள்ள சேன்-காந்தேன்-ஆன்-யிவ்லின் பகுதியின் தேசிய வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தய அரங்கில், நடந்தது. 2014-இல் திறக்கப்பட்ட உள்ளரங்கம் அது. மரப்பலகைகளால் ஆன 250 மீட்டர் ஓடுதளம். இரு பக்கமும் நேரான பகுதிகள், இரு முனைகளிலும் வளைவுகள். வளைவுகளில் தளம் 43 பாகை அளவுக்குச் சாய்ந்து நிற்கிறது. கேமரா இந்தச் சரிவைத் தட்டையாகக் காட்டிவிடுவதால், அதன் உண்மையான உயரம் திரையில் தெரிவதில்லை. வளைவின் மேல்விளிம்பில் சைக்கிளை நிறுத்தியிருக்கும் வீரர், கீழ்விளிம்பில் இருப்பவரைவிட ஒரு மாடி உயரத்துக்கும் மேலே இருக்கிறார். அந்த உயரம் ஓர் ஆயுதம். மேலிருந்து கீழே பாயும் வீரருக்குப் புவியீர்ப்பே பாதி வேலையைச் செய்து தருகிறது.

2022-ஆம் ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பும் இதே அரங்கில்தான் நடந்தது. அப்போதும் ஸ்பிரிண்ட் பட்டத்தை வென்றவர் லாவ்ரெய்சனே.

அந்தச் சைக்கிள்களில் பிரேக் இல்லை என்பது உண்மையா?

உண்மைதான். பிரேக்கும் கிடையாது, கியர் மாற்றும் வசதியும் கிடையாது. பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை நிறுத்தி இளைப்பாற முடியாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால், சுழலும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும், அல்லது சரிவில் மேலே ஏற வேண்டும். பெரிய பல்சக்கரம் பூட்டியிருந்தால் உச்ச வேகம் கூடும், ஆனால் மெதுவாகச் செல்லும் நிலையிலிருந்து திடீரெனப் பாய்வது கடினம். சிறிய பல்சக்கரம் பூட்டியிருந்தால் பாய்ச்சல் எளிது, ஆனால் கடைசி 100 மீட்டரில் கால்கள் அளவுக்கு மீறிச் சுழல வேண்டியிருக்கும். எதைப் பூட்டுவது என்பதைப் போட்டிக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஆகவே எதிராளி எப்படி ஓட்டுவார் என்ற கணிப்பு சைக்கிளைக் களத்துக்குக் கொண்டுவருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

நேரம் கணக்கில்லை என்றால் உலக சாதனை எங்கிருந்து வருகிறது?

தகுதிச் சுற்றிலிருந்து வருகிறது. அந்தச் சுற்றில் மட்டும் ஒவ்வொரு வீரரும் தனியாக ஓட்டுகிறார். ஓடுதளத்தை முதலில் சுற்றிவரும்போது மெல்ல வேகமெடுத்து, சரிவின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்து, கடைசி 200 மீட்டரை முழுவேகத்தில் கடக்கிறார். அந்த 200 மீட்டருக்கு மட்டுமே நேரம் அளக்கப்படுகிறது.

பாரிஸில் ஆகஸ்ட் 7 அன்று நடந்ததை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. டிரினிடாட் அண்டு டொபேகோ நாட்டின் நிக்கோலஸ் பால் 2019-இல் பொலிவியாவின் கோச்சபம்பாவில் படைத்த 9.100 வினாடி என்ற சாதனை ஐந்தாண்டுகளாக நிலைத்திருந்தது. கோச்சபம்பா கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் எதிர்ப்பும் குறைவு. அந்தச் சாதனையைத் தாழ்நிலத்து அரங்கில் முறியடிப்பது அரிது என்றே கருதப்பட்டது. ரிச்சர்ட்சன் 9.091 வினாடியில் கடந்து அதை முறியடித்தார். உலகின் அதிவேக வீரர் என்ற பெயர் அவரிடம் சில நிமிடங்களே தங்கியது. பின்னர் வந்த லாவ்ரெய்சன் 9.088 வினாடியில் முடித்தார். மணிக்கு 79 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் அது. இருவருக்கும் இடைப்பட்ட, வினாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரத்தை அந்த வேகத்தில் தூரமாக மாற்றினால் ஏழு சென்டிமீட்டர்கூட வராது.

தகுதிச் சுற்றில் முதலிடம் பெறுவதால் என்ன பயன்?

பதக்கத்துக்கு நேரடிப் பயன் இல்லை; ஆனால் பாதை எளிதாகிறது. அதிக நேரம் எடுத்த வீரருடன் மிகக் குறைந்த நேரம் எடுத்தவர் மோதுமாறு இணைகள் அமைக்கப்படுகின்றன. முதலிரு இடங்களைப் பெற்றவர்கள் தத்தம் ஆட்டங்களை வென்றுகொண்டே வந்தால் இறுதியில்தான் சந்திப்பார்கள். பாரிஸில் நடந்ததும் அதுவே.

30 வீரர்களிலிருந்து இருவர் எப்படி இறுதிக்கு வருகிறார்கள்?

தகுதிச் சுற்றில் ஓட்டிய 30 பேரில் முதல் 24 பேர் அடுத்த கட்டத்துக்குச் செல்கிறார்கள். அவர்கள் 12 இணைகளாகப் பிரிந்து மோத, வென்ற 12 பேர் முன்னேறுகிறார்கள். தோற்ற 12 பேருக்கு ரெபசாஜ் எனப்படும் மறுவாய்ப்புச் சுற்று உண்டு; மும்மூவராக நான்கு பந்தயங்கள் நடத்தி, நான்கு பேரை மீட்டெடுக்கிறார்கள். இப்போது 16 பேர். மீண்டும் எட்டு இணைகள், எட்டு வெற்றியாளர்கள், மறுவாய்ப்பில் நால்வர், ஆக 12 பேர். பிறகு ஆறு இணைகள், ஆறு வெற்றியாளர்கள், மறுவாய்ப்பில் இருவர், ஆக எட்டுப் பேர் காலிறுதிக்கு வருகிறார்கள்.

காலிறுதிக்கு முன்புவரை ஒரே பந்தயத்தில் முடிவு தெரிந்துவிடும். காலிறுதியிலிருந்து மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும். இந்த மாற்றம் மிக முக்கியமானது. ஒரே பந்தயத்தில் எதிர்பாராத பாய்ச்சலால் யாரும் யாரையும் வீழ்த்தலாம். இரண்டு முறை ஏமாற்றுவது கடினம், ஏனெனில் எதிராளி முதல் பந்தயத்திலேயே உங்கள் கையிருப்பைப் பார்த்துவிடுகிறார். மறுவாய்ப்புச் சுற்றின் வழியாக வருபவர் கூடுதல் பந்தயங்கள் ஓட்ட வேண்டியிருப்பதால், கால்களில் களைப்புடனேயே காலிறுதிக்கு வருகிறார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு சுற்றுகளில் ஏன் அவ்வளவு மெதுவாக ஓட்டுகிறார்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விடை காற்றில் இருக்கிறது. மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் வீரர் தம் சக்தியின் மிகப் பெரும்பங்கைக் காற்றைக் கிழிப்பதற்கே செலவிடுகிறார். அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு அந்தச் செலவு வெகுவாகக் குறைகிறது. மேலும், முன்னால் செல்பவருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்னால் இருப்பவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், எப்போது பாய்வது என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். ஆகவே இருவருமே பின்னால் இருக்க விரும்புகிறார்கள். இருவருக்கும் அது கிடைக்காது என்பதால்தான் வேகம் குறைகிறது.

முன்னால் இருப்பவரின் கழுத்தைக் கவனியுங்கள். அவர் பாதையைப் பார்ப்பதைவிடத் தோளுக்கு மேலே திரும்பி எதிராளியைப் பார்க்கும் நேரமே அதிகம். ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் கைகள் இருக்கும், உடல் தாழ்ந்திருக்கும், கண் மட்டும் பின்னால் வரும் முன்சக்கரத்தின்மேல் நிலைத்திருக்கும். அந்தச் சக்கரம் ஒரு சாண் மேலே ஏறினால் இவரும் ஏறுவார், கீழே இறங்கும் இடைவெளியை அடைப்பதற்காக. பின்னவரோ மேலே ஏறுவதுபோல் பாவனை காட்டி, முன்னவர் பார்வையைத் திருப்பும் கணத்தில் உட்புறம் நுழைந்துவிடப் பார்ப்பார். முன்னால் இருப்பவர் வேண்டுமென்றே எதிராளியை மேல்விளிம்பின் தடுப்பு வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே சிறைப்படுத்தி வைப்பதும் உண்டு.

முன்னால் இருப்பது எப்போதும் பாதகம் என்று முடிவு செய்துவிடவும் கூடாது. உட்புறப் பாதை குறுகியது. வளைவில் ஒரு மீட்டர் மேலே பக்கவாட்டில் ஓட்டுபவர், அந்த ஒரு வளைவிலேயே இரண்டு மீட்டருக்கு மேல் கூடுதலாகக் கடக்க வேண்டும். சக்கரத்தின் அகலத்தில் முடிவு தீர்மானிக்கப்படும் போட்டியில் இரண்டு மீட்டர் என்பது மலையளவு. எனவே சரியான நேரத்தில், சரியான வேகத்தில், உட்புறத்தைக் கைப்பற்றியபடி முன்னால் இருப்பவரைக் கடப்பது பெரும்பாடு. பின்னால் இருந்தால் எப்போது பாய்வது, முன்னால் இருந்தால் எப்போது வேகத்தை ஏற்றி எதிராளியின் பாய்ச்சலைச் சாகடிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கு நடுவே அந்த 500 மீட்டரும் கழிகிறது.

யார் முன்னால் புறப்பட வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

குலுக்கல் முறையில் முடிவாகிறது. உட்புற இடம் கிடைத்தவர் தொடக்கத்தில் முன்னால் செல்ல வேண்டும். அரைச்சுற்று வரை, எதிராளி தாமாக முந்திச் சென்றால் ஒழிய, அந்தப் பொறுப்பு அவருடையது. இரண்டாவது பந்தயத்தில் இடம் மாறும். மூன்றாவது தேவைப்பட்டால் மீண்டும் குலுக்கல்.

சைக்கிளை அசையாமல் நிறுத்தி வைக்கலாமா?

நிறுத்தலாம், ஆனால் எல்லை உண்டு. ஒரு நிறுத்தம் 30 வினாடிகளைத் தாண்டக் கூடாது, ஒரு பந்தயத்தில் இரண்டு நிறுத்தங்களுக்கு மேல் கூடாது. தாண்டினால் முன்னால் இருப்பவரை நகரும்படி நடுவர் கட்டளையிடுவார். நகராவிட்டால் எதிராளி வென்றவராக அறிவிக்கப்படுவார்.

இந்த எல்லை பழைய நாட்களில் இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இத்தாலியின் ஜியோவான்னி பெத்தனெல்லாவும் பிரான்சின் பியர் திரெந்தேனும் ஏறத்தாழ 22 நிமிடங்கள் அசையாமல் நின்றார்கள். பெத்தனெல்லா அந்தப் போட்டியில் தங்கம் வென்றார். தரையில் கால் ஊன்றாமல், சரிவான பலகையில், பிரேக் இல்லாத சைக்கிளில் அத்தனை நேரம் நிற்பதற்கு எவ்வளவு உடற்கட்டுப்பாடு வேண்டும் என்பதை, ஒரு நிமிடம் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

தளத்தில் உள்ள சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் எதற்கு?

கீழ்விளிம்புக்கு அருகில் உள்ள கறுப்புக் கோட்டின் மீதுதான் 250 மீட்டர் அளக்கப்படுகிறது. அதற்குச் சற்று மேலே சிவப்புக் கோடு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய பாதையே ஸ்பிரிண்டர் பாதை. கடைசிப் பாய்ச்சல் தொடங்கிய பிறகு, அந்தப் பாதைக்குள் முன்னால் செல்பவர் அதை விட்டு வெளியே வந்து எதிராளியை மறிக்கக் கூடாது. தெளிவான இடைவெளியில் முன்னிலை பெற்றிருந்தால் மட்டுமே விலக்கு. பின்னால் வருபவரும் அவருக்குக் கீழே உட்புறமாக நுழைந்து முந்தக் கூடாது. மேலே சுற்றித்தான் முந்த வேண்டும். மீறியவர் முதலில் கோட்டைத் தொட்டிருந்தாலும் அந்தப் பந்தயத்தில் தோற்றவராக அறிவிக்கப்படலாம். பந்தயம் முடிந்ததும் வீரர்கள் கொண்டாடாமல் நடுவர்களின் திரையைப் பார்த்துக் காத்திருப்பது இதனால்தான்.

இறுதிப் போட்டி எப்படி முடிந்தது?

லாவ்ரெய்சன் முதல் இரண்டு பந்தயங்களையும் வென்றதால் மூன்றாவதற்குத் தேவை ஏற்படவில்லை. தகுதிச் சுற்றில் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில் இருந்த இருவர் நேருக்கு நேர் மோதியபோது 2-0 என்று முடிந்ததே, கடிகாரத்தின் முன் ஓட்டுவதும் மனிதருக்கு எதிராக ஓட்டுவதும் வேறு வேறு திறன்கள் என்பதற்குப் போதிய சான்று. வெண்கலத்துக்கான மோதலில் கார்லின், லாவ்ரெய்சனின் அணித்தோழர் ஜெஃப்ரி ஹூக்லாந்தை வீழ்த்தினார். கார்லினுக்கு 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இதே பதக்கம்தான் கிடைத்திருந்தது.

லாவ்ரெய்சன் யார்?

1997-இல் பிறந்த நெதர்லாந்து வீரர். சிறுவயதில் பிஎம்எக்ஸ் எனப்படும், மேடுபள்ளத் தடத்தில் சிறிய சைக்கிள்களில் நடக்கும் பந்தயங்களில் ஓட்டியவர். மீண்டும் மீண்டும் ஏற்பட்ட தோள்பட்டைக் காயங்களால் அந்த விளையாட்டை விட்டு வெலோட்ரோமுக்கு வந்தார். பிஎம்எக்ஸில் வாயிற்கதவு திறந்தவுடன் பாய வேண்டும்; அந்தத் தொடக்க வேகம் இங்கேயும் அவருக்குக் கைகொடுக்கிறது.

2019 முதல் 2024 வரை ஆறு முறை தொடர்ச்சியாக உலக ஸ்பிரிண்ட் சாம்பியன். கோவிட் காரணமாக 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், இறுதியின் முதல் பந்தயத்தில் ஹூக்லாந்திடம் தோற்று, அடுத்த இரண்டையும் வென்று தங்கம் பெற்றார். அன்றாடம் சேர்ந்து பயிற்சி செய்பவர்கள் மோதும்போது ஒருவரின் பழக்கவழக்கம் முழுவதும் மற்றவருக்குத் தெரியும். ஒளித்துவைக்க எதுவும் இராது. என் கணிப்பில், 9.088-ஐவிட அந்த 2-1 வெற்றியே அவருடைய தரத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

பாரிஸில் அவர் ஸ்பிரிண்ட், டீம் ஸ்பிரிண்ட், கெய்ரின் மூன்றிலும் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்றையும் வென்ற ஆடவர்கள் இவரையும் சேர்த்து மூவரே. மற்ற இருவரும் பிரிட்டன் வீரர்கள்: 2008 பெய்ஜிங்கில் கிறிஸ் ஹாய், 2016 ரியோவில் ஜேசன் கென்னி.

டீம் ஸ்பிரிண்டும் கெய்ரினும் இதிலிருந்து எப்படி வேறுபடுகின்றன?

டீம் ஸ்பிரிண்டில் மூவர் அடங்கிய அணி கடிகாரத்துக்கு எதிராக மூன்று சுற்றுகள் ஓட்டுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் முன்னால் செல்பவர் விலகிக்கொள்வார். கெய்ரினில் ஆறு பேர், வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் ஒரு மோட்டார் வண்டியின் பின்னால் செல்வார்கள். அது மூன்று சுற்றுகள் மீதமிருக்கும்போது விலகியதும் பந்தயம் தொடங்கும்.

ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி எப்போதிலிருந்து இருக்கிறது?

1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பிரான்சின் பால் மாசோன் வென்றார். 1908 லண்டன் இறுதியில் நிர்ணயித்த நேர எல்லைக்குள் யாரும் முடிக்கவில்லை என்று கூறிப் பந்தயத்தைச் செல்லாது என அறிவித்துவிட்டார்கள். அந்த ஆண்டு பதக்கமே இல்லை. 1920 முதல் எந்த ஒலிம்பிக்கிலும் ஆடவர் ஸ்பிரிண்ட் விடுபட்டதில்லை. மகளிர் பிரிவு 1988-இல்தான் சேர்ந்தது.

அடுத்தடுத்த இரு ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றவர்கள் நால்வர்: பிரான்சின் டேனியல் மோரெலோன் 1968, 1972; ஜெர்மனியின் யென்ஸ் ஃபீட்லர் 1992, 1996; ஜேசன் கென்னி 2012, 2016; அடுத்து லாவ்ரெய்சன். மூன்றாவது முறையாக வெல்ல 1976-இல் மான்ட்ரியால் இறுதிவரை வந்த மோரெலோனை, செக்கோஸ்லோவாக்கியாவின் அன்டன் ட்காச் தடுத்துவிட்டார். தொடர்ச்சியாக மூன்று தங்கம் என்பது இன்றுவரை எவருக்கும் வாய்க்கவில்லை.

ஒரு நாட்டிலிருந்து எத்தனை பேர் கலந்துகொள்ளலாம்?

இப்போது இருவர். 2012 லண்டனில் ஒருவர் என்று குறைக்கப்பட்டது. அதனால் நடப்புச் சாம்பியன் ஹாயை விட்டுவிட்டுக் கென்னியைப் பிரிட்டன் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. கென்னி இறுதியில் பிரான்சின் கிரெகோரி போஜேயை 2-0 என வென்று அந்தத் தேர்வைச் சரியென நிறுவினார். ஆனாலும் அந்த விதி நல்ல விதி அல்ல. சாம்பியன் தம் பட்டத்தைக் காத்துக்கொள்ளக் களத்திலேயே இடம் பெறாமல் போவது போட்டிக்கு நியாயம் செய்வதாகாது.

பழைய தந்திர ஆட்டம் இப்போது குறைந்துவிட்டதா?

குறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்சக்கரங்கள் பெரிதாகிவிட்டன, பெரிய பல்சக்கரத்துடன் நின்ற நிலையிலிருந்து பாய்வது சிரமம் என்பதால் அசையாமல் நிற்பவர்கள் அருகிவிட்டார்கள். ஒன்றரைச் சுற்றுக்கு முன்பே வேகத்தை ஏற்றி, முன்னாலிருந்தே எதிராளியின் மூச்சை வாங்கும் முறை பெருகியுள்ளது. ஆனால் தந்திரம் அழிந்துவிடவில்லை. அது இடம் மாறியிருக்கிறது. எந்த இடத்தில் வேகத்தை ஏற்றுவது, முழுப் பலத்தையும் காட்டாமல் எதிராளியைத் துரத்தவிட்டுக் கடைசி வளைவுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்பவை இன்றைய கேள்விகள். லாவ்ரெய்சன் முன்னால் இருந்தும் வெல்வார், பின்னால் இருந்தும் வெல்வார் என்பதே அவரை எதிர்கொள்பவர்களின் பெரும் இடர்ப்பாடு. எந்த இடத்தை அவருக்கு விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்க முடியாமலே பலர் தோற்கிறார்கள்.

9.088 வினாடி சாதனை இன்னும் நிலைத்திருக்கிறதா?

இல்லை. பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த சில நாட்களில் ரிச்சர்ட்சன், தாம் பிறந்த பிரிட்டனுக்காக இனி ஓட்டப்போவதாக அறிவித்தார். ஆஸ்திரேலியாவில் அது பெரும் வருத்தத்தை ஏற்படுத்தியது. 2025 ஆகஸ்டில் துருக்கியின் கொன்யா நகரில், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள வெலோட்ரோமில், 8.941 வினாடியில் 200 மீட்டரைக் கடந்து, 9 வினாடிக்குள் முடித்த முதல் மனிதரானார். மறுநாளே அதை 8.857 ஆகக் குறைத்தார். அவை தனியாக ஓட்டிய சாதனை முயற்சிகள்; பக்கத்தில் எதிராளி இல்லை. அடுத்த ஒலிம்பிக் 2028-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கிறது. டிராக் சைக்கிளிங் போட்டிகள் அதன் அருகிலுள்ள கார்சன் நகர வெலோட்ரோமில் நடைபெறும்.